டிரைவர் செல்லசாமி நடக்கத் தொடங்கியது

செல்லசாமி தன் மனைவி ராக்காயியை நுவரெலியாவுக்கு டொக்டரிடம் கூட்டிப்போனது, அவளுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்துத்தான். அதில் அவருக்குக் கடுகளவும் சந்தேகம் இருக்கவில்லை.

அடையாளங்கள் ஒன்றா இரண்டா? சொல்லாத விசயங்களைச் சொன்னதாகச் சாதிக்க ஆரம்பித்திருந்தாள். "மக வெள்ளிக்கிழம வருதுன்னு நேத்தே சொன்னேன்ல" என்பாள். நேற்று அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. "அடுப்புக் காஸ் முடியப் போகுதுன்னு காலையில சொன்னேனே" என்பாள். காலையில் அவள் வாயே திறக்கவில்லை. கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது, "மூணு தடவ சொல்லிட்டேன், இன்னும் வேட்டி மாத்தாம சாரத்தோட உக்காந்திருக்கீங்க" என்று ஆள் முன்னாலேயே ஏசினாள். மனதில் நினைத்ததையும் வாயால் சொன்னதையும் பிரித்தறிய முடியாமல் போவதுதான் மூளைத் தளர்ச்சியின் முதல் படி என்று வானொலியில் யாரோ பேசியது அவருக்கு ஞாபகம் இருந்தது. பாவம், இவளுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று உள்ளுக்குள் உருகினார். ஒருநாள் இறைச்சிக் கறி வாயில் வைக்க முடியாதபடி கரித்தபோது, "உப்ப ரெண்டு வாட்டி போட்டிருக்க புள்ள" என்று மெதுவாகத்தான் சொன்னார். ராக்காயி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாலு உருளைக்கிழங்கை வெட்டிக் கறிக்குள் போட்டாள்.

"டொக்டருக்கிட்ட ஒருக்கா காட்டிட்டு வந்துருவோமா?" என்று அன்றைக்கே கேட்டார். மறுப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தார். அவளோ, "சரி, போவோம்" என்றாள். இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டதுகூட நோயின் அடையாளமாகத்தான் அவருக்குப் பட்டது.

இறம்பொடைக்கு மேலே, பெருந்தெருவிலிருந்து பிரிந்து ஏறும் ஒரு தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் இருந்தது அவர்களுடைய வீடு. செல்லசாமி அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார். அப்பா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியவர், அம்மா கொழுந்து எடுத்தவள். மகன் மட்டும் மலை ஏறவில்லை. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு தோட்டத்து லொறியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டார். கிளீனர் டிரைவரானார். ஸ்டோரில் அரைத்துக் கட்டிய தேயிலைத் தூளைக் கொழும்புக்கு ஏற்றிப் போவது அவர் வேலை. வாழ்க்கையின் பெரும்பகுதி அந்த இருக்கையில்தான் கழிந்தது. குடியிருந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து லொறி நிற்கும் இடம்வரை நடப்பார், அவ்வளவுதான். சாப்பாட்டுக் கடைக்கும்கூட வாசலோடு ஒட்டித்தான் வண்டியை நிறுத்துவார். பிறந்த தோட்டத்தின் குறுக்குப் பாதைகள் அவருக்குத் தெரியாது. ஆனால் நுவரெலியாவிலிருந்து கம்பளைவரை உள்ள வளைவுகள் ஒவ்வொன்றையும் தோள்பட்டை அறியும்.

ராக்காயி அதற்கு நேர்மாறு. கல்யாணமாகி வந்த மறுவாரமே கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனவள். மழையிலும் பனியிலும் அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கியே முடி நரைத்தவள். வேலையை விட்டு நின்ற பிறகும் வீட்டுக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போட்டுக்கொண்டு, தண்ணீர்ப் பீலிக்கும் தோட்டத்துக்குமாகக் குடத்தோடு நடந்துகொண்டேயிருந்தாள். செல்லசாமி ஓய்வு பெற்ற பிறகு வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு, லொறியில் உட்கார்ந்த அதே தோரணையில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வயிறு முன்னால் வந்தது. பிரஷர் வந்தது. சீனி வியாதி வந்தது. இதெல்லாம் வயசுக்கு வருகிறதுதானே என்று இருந்தார்.

டொக்டரின் பெயர் கஜனி. யாழ்ப்பாணத்துப் பெண், வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. ராக்காயியை முன்னால் உட்காரவைத்து என்ன பிரச்சினை என்று கேட்டாள். ராக்காயி வாயைத் திறக்குமுன் செல்லசாமியே சொல்ல ஆரம்பித்தார். காஸ், கூட்டம், உப்பு எல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டு வரும்போது மகள் வந்த கதையை இரண்டாம் முறையும் சொன்னார். டொக்டர் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சரி ஐயா. அம்மாவுக்குச் சின்னச் சோதனை ஒண்டு செய்வம். தனியச் செய்ய அம்மாவுக்குக் கூச்சமா இருக்கும். நீங்களும் சேந்து செய்யுங்கோ."

இவளுக்குத் துணைக்கு என்று செல்லசாமியும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முதலில் ராக்காயியைச் சோதித்தாள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாமல் இருக்க, அப்போது அவரை வெளியே இருக்கச் சொன்னாள். பிறகு அவரை உள்ளே கூப்பிட்டு ராக்காயியை வெளியே அனுப்பினாள். ஐந்து சொற்களைச் சொன்னாள். வாளி, எலுமிச்சை, மணி, குடை, சந்தை. "மறக்காம வச்சிருங்கோ, பிறகு கேப்பன்" என்றாள். அதன்பிறகு மிருகங்களின் பெயர் சொல்லச் சொன்னாள், நூறிலிருந்து குறைத்துக்கொண்டே வரச் சொன்னாள், கடைசியில் ஒரு தாளில் மணிக்கூடு வரையச் சொன்னாள். செல்லசாமி வட்டத்தை அழகாகப் போட்டார். எண்களை எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், வளைவில் சாமான் சரிந்த லொறி மாதிரி எல்லாம் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தன. அழித்துவிட்டு மறுபடி எழுதினார். மறுபடியும் சரிந்தன.

"முதல்ல சொன்ன அஞ்சு சொல்லு?"

"குடை" என்றார். கொஞ்சம் யோசித்து, "சந்தை." இன்னும் யோசித்தார். உள்ளே எங்கேயோ ஏதோ உருண்டது, கைக்கு வரவில்லை. "லொறி" என்றார். லொறி அந்த ஐந்தில் இல்லை என்று சொல்லும்போதே அவருக்குத் தெரிந்தது.

ராக்காயியை உள்ளே கூப்பிட்டு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தாள் டொக்டர்.

"அம்மாவுக்குப் பயப்பிட ஒண்டும் இல்லை. அஞ்சு சொல்லும் சரியாச் சொன்னவ. ஐயாவைத்தான் நான் கொஞ்சம் கவனிக்கோணும்."

செல்லசாமிக்குச் சிரிப்பு வந்தது. ஆள் மாறிவிட்டது என்று நினைத்தார். தாள்கள் மாறியிருக்கும், பாவம் சின்னப் பிள்ளை. "நோயாளி இவதாங்க டொக்டர்" என்றார். ராக்காயி மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"ஏய், நீ சொல்லேன்."

"நான் என்னத்தச் சொல்றது? உப்புப் போட்டது நீங்க. நான் போட்டுட்டுத் தண்ணிக்குப் போனேன். நீங்க வந்து திரும்பப் போட்டீங்க. தண்ணியோட வரும்போது ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் வந்தேன்."

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? உங்களுக்குன்னு கூப்பிட்டா வந்திருப்பீங்களா? எனக்குன்னு நெனச்சதாலதானே வந்தீங்க."

அந்த நிமிடம் செல்லசாமிக்கு நேர்ந்ததைப் பயம் என்று சொல்ல முடியாது. ரிவர்ஸ் போட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து வண்டி நகர்ந்தால், நகர்வது நாமா அவனா என்று ஒரு கணம் விளங்காமல் போகுமே, அப்படி இருந்தது.

பெரிய வருத்தம், நோய் என்று இப்போதே சொல்ல முடியாது, வயதுக்குக் கொஞ்சம் கூடின மறதி என்றாள் டொக்டர். இரத்தம் எடுத்தாள், பிரஷருக்கும் சீனிக்கும் அவர் போடும் குளிசைகளை மாற்றினாள். பிறகு, இதுதான் முக்கியம் என்பது மாதிரி முன்னால் சாய்ந்து சொன்னாள்: "ஒவ்வொரு நாளும் கெதியா நடவுங்கோ. வேர்க்கோணும், மூச்சு வாங்கோணும். இதயம் நல்லா ஓடினா மூளைக்கும் ரத்தம் நல்லாப் போகும். நடக்கேக்க கதைக்க ஏலும், ஆனா பாட ஏலாது, அந்தளவு வேகம் வேணும். வடிவா விளங்கினதே?"

விளங்கியது மாதிரித் தலையை ஆட்டிவிட்டு வந்தார். பஸ்ஸில் கேட்டார்: "கெதியா நடக்கிறதுன்னா என்ன கெதி? நம்ம கெதிதான் தெரியுதே."

"வெரசா நடக்கச் சொல்லுது அந்தப் புள்ள" என்றாள் ராக்காயி.

"வடிவான்னுச்சே. அழகா நடக்கணுமா?"

ராக்காயி அன்று முதல்முறையாகச் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பஸ்ஸின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

கொழும்பில் வேலை செய்யும் மகள் சுதர்ஷினி விசயத்தைக் கேட்டுவிட்டு ஒரு சோடி சப்பாத்து அனுப்பியிருந்தாள். வெள்ளையில் நீலக் கோடு போட்டது. சாரத்துக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு செல்லசாமி ரோட்டில் இறங்கிய முதல் நாள், லயமே வெளியே வந்து பார்த்தது.

"என்ன டிரைவரய்யா, லொறி பிரேக்டவுனா?"

"லொறி இல்லப்பா, டிரைவர்தான் பிரேக்டவுன்" என்று ராக்காயி முன்னாலிருந்தே பதில் சொன்னாள். அவள் தேய்ந்த செருப்போடு நடந்தாள். நடந்தாள் என்பதைவிட மேட்டில் மிதந்து ஏறினாள் என்று சொல்லலாம். செல்லசாமி பின்னால். ஸ்டோர் மேட்டுக்கு வருவதற்குள் நெஞ்சு பிஸ்டன் மாதிரி அடித்தது. இது டொக்டர் சொன்ன அளவா, மேலதிகமா? பாடிப் பார்த்தால்தான் தெரியும். அவர் வாழ்க்கையில் வாய்விட்டுப் பாடியதே இல்லை. ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு முணுமுணுத்த பழைய படப் பாட்டு ஒன்றை எடுத்தார். முதல் அடியிலேயே மூச்சு அறுந்தது. அப்படியென்றால் சரி. ஆனால், "நில்லு புள்ள" என்று கூப்பிடவும் முடியவில்லை. அப்படியென்றால் சரியில்லை. கொஞ்சம் வேகம் குறைத்தார். இப்போது பேசவும் முடிந்தது, பாடவும் முடிந்தது. கொழுந்து மலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

நடக்க நடக்க அவருக்கு ஒரு கேள்வி வந்தது. வந்த கேள்வி போகவில்லை. நடந்தால் மூளைக்கு நல்லது என்றால் ராக்காயி தெளிவாக இருப்பதும், உட்கார்ந்தே இருந்த தான் இப்படி ஆனதும் சரிதான், கணக்கு நேராகிறது. அப்படியானால் நாகலெட்சுமி?

நாகலெட்சுமி அடுத்த லயத்துக்காரி. ராக்காயியோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள். கைவேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. உச்சி மலையிலிருந்து கொழுந்துப் பாரத்தோடு ஓடி இறங்கி, மற்றவர்கள் வந்து சேருமுன் நிறுத்துக் கொடுத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பாள். இப்போது அவள் பெற்ற மகனைப் பார்த்து, "தம்பி நீங்க எந்தத் தோட்டங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறாள். மகன் வாசல் படலையைக் கயிற்றால் கட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போகிறான்.

"அவ நடக்காத நடையா? அப்ப அவளுக்கு ஏன் வந்துச்சு?" என்று ராக்காயியிடம் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நடங்க."

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமே கேட்டார். அவள் பேனாவை வைத்துவிட்டு யோசித்தாள்.

"நடந்த ஆக்களுக்கும் வரும் ஐயா. நடக்காத சில ஆக்களுக்கு வராமலும் போகும். நடந்தா வராது எண்டு நான் சொல்லேல்லை. நடந்தா நல்லது நடக்கிறதுக்கு வாய்ப்புக் கூட, அவ்வளவுதான்."

"அப்ப கொழுந்து எடுக்கிறது எக்சசைஸ் இல்லீங்களா?"

"அது கஷ்டமான வேலை. பாரம் தூக்கிறது, குனியிறது, சரியாச் சாப்பிடாம நிக்கிறது. உடம்பைத் தேய்க்கிற வேலைக்கும் உடம்பைப் பழக்கிற நடைக்கும் வித்தியாசம் இருக்கு. எவ்வளவு வித்தியாசம் எண்டு எனக்கும் உறுதியாச் சொல்லத் தெரியாது."

டொக்டருக்கே தெரியாது என்றால் தான் எதை நம்பி மேடு ஏறுவது? நடை நடைதானே, இதில் தேய்க்கிற நடை எது, பழக்குகிற நடை எது? மகளிடம் போனில் கேட்டார். அவள் போனிலேயே தேடிப் பார்த்து வாசித்துக் காட்டினாள். மீன் சாப்பிட வேண்டுமாம், குறுக்கெழுத்துப் போட வேண்டுமாம், புது மொழி படிக்க வேண்டுமாம், நன்றாகத் தூங்க வேண்டுமாம். "நடக்கிறது?" என்றார். "அதும் இருக்குப்பா." போனை வைத்த பிறகு மீனைத் தவிர மற்றதெல்லாம் மறந்துவிட்டது. மீன்காரன் வருகிற நாளும் எது என்று ஞாபகமில்லை.

ஆனாலும் நடந்தார். ராக்காயி கூப்பிட்டதால் நடந்தார். மழைக்காலம் வந்தபோது குடை பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அவள் "நேத்தே சொன்னேன்ல" என்று தொடங்கினால், இப்போதெல்லாம் அவர், "சொல்லியிருப்ப" என்றார். அப்படிச் சொல்வது முதலில் கசந்தது. பிறகு பழகிவிட்டது.

அப்போதுதான் பட்டிப்பொலவில் ராக்காயியின் தங்கை மகள் வீட்டில் ஒரு விசேசம் வந்தது. குளிருக்கும் ரயிலுக்கும் பயந்து செல்லசாமி போகவில்லை. நானுஓயாவில் ரயில் பிடிக்க ராக்காயி விடியவே கிளம்பினாள். தனியாக நடக்கப் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அவள் சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஒரு நாளாவது புதுப்பாதையில் போவோமே என்று தேயிலைக்குள் இறங்கும் குறுக்கில் இறங்கினார். இவ்வளவு காலம் ராக்காயி காலால் அறிந்த பாதை அவருக்கு வேற்றூர் மாதிரி இருந்தது. படிகள், ஒரு பீலி, மறுபடி படிகள். பனி கீழிருந்து ஏறி வந்தது. கால் தார்ரோட்டைத் தொட்டபோது பெருந்தெருவுக்கு வந்துவிட்டோம் என்று மட்டும் தெரிந்தது. எந்த இடம் என்று தெரியவில்லை.

முதலில் அவர் பதறவில்லை. அந்த ரோட்டையா தெரியாது? இரண்டு பக்கமும் பார்த்தார். வெள்ளைப் பனி. ஒரு வளைவு இருந்தது. அது மேலே போகும் வளைவா கீழே போகும் வளைவா? அருவிச் சத்தம் கேட்டது, ஆனால் இங்கே எந்தப் பக்கம் போனாலும் அருவிச் சத்தம்தான். கொஞ்ச தூரம் ஒரு பக்கம் நடந்தார். ஒரு மரம், ஒரு மதில். இந்த மரத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று தோன்றியது. திரும்பி மறுபக்கம் நடந்தார். கால் வைக்கும் வேகத்தில் ஒவ்வொரு கல்லும் புல்லும் தனித்தனியாகத் தெரிந்தன. எதுவும் ரோடாகச் சேரவில்லை. பனியில் யாருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு மனது சொன்னது. இதுதான் அந்த வருத்தம், வந்துவிட்டது என்று இன்னொரு மனது சொன்னது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஒரு மனது இருக்க வேண்டும். அது எங்கே போயிற்றோ.

மதகுச் சுவர் ஒன்றில் உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாத கைகள் மடியில் கிடந்தன. அவை தாமாகவே மேலே எழுந்தன. வலது கை கொஞ்சம் உயர, இடது கை கொஞ்சம் தாழ, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தன. இடது கால் இல்லாத கிளட்ச்சை மிதித்தது. செல்லசாமி கண்ணை மூடினார். வளைவு வந்தது. இரண்டாம் கியர், வலது ஓரம் ஒதுங்கி, ஹார்ன் அடித்து, முழுக்க இடது பக்கம் ஒடித்து, ஒடித்ததை உடனே விடாமல் பிடித்து... தோள் தானாகச் சாய்ந்தது. இது அந்த வளைவு. ஏற்றத்தில் வரும்போது பஸ்காரன் இடம் விடாத வளைவு. அப்படியென்றால் இடது பக்கம்தான் மேல். இடது பக்கம்தான் வீடு.

கண்ணைத் திறந்தபோது ஒரு வேன் பக்கத்தில் நின்றிருந்தது. ஓட்டி வந்த சிங்களப் பையன் கண்ணாடியை இறக்கிவிட்டு, ரோட்டோரத்தில் உட்கார்ந்து காற்றில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, எங்கே போகணும்?" என்று சிங்களத்தில் கேட்டான். வீட்டுக்குத்தான் என்று இவரும் சிங்களத்தில் சொன்னார். ஏறுங்கள், விட்டுவிடுகிறேன் என்று கதவைத் திறந்தான். ஏறியிருக்கலாம். கால் கெஞ்சியது. ஆனால் டொக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறாள். நடந்ததால்தானே வழி தப்பியது? உட்கார்ந்ததால்தானே வழி தெரிந்தது? யோசித்து முடிப்பதற்குள் வாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வேன் போய்விட்டது. செல்லசாமி இடது பக்கம் நடந்தார். வீடு வந்தது.

மறுநாள் ராக்காயி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கலாமா என்று யோசித்தார்தான். மறைத்ததே மறந்துபோய் வேறு எங்காவது உளறிவிட்டால் அது இன்னும் கேவலம் என்று சொல்லிவிட்டார். பட்டிப்பொலவிலிருந்து கொண்டுவந்த பலகாரப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அவள் கேட்டாள். முகம் சிவந்தது.

"போகாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேன்."

"சொல்லியிருப்ப."

"இந்தச் 'சொல்லியிருப்ப'ய வச்சு நான் என்னா செய்ய? ரோட்டுல அடிபட்டுக் கெடந்தா அதையா தூக்கிட்டு வரமுடியும்? இனிமே நடையும் வேணாம் ஒண்ணும் வேணாம். பேசாம இஸ்தோப்புலயே உக்காருங்க."

"நீதானே நடக்கச் சொன்ன?"

"சொன்னேன். இப்ப வேணாங்கிறேன்."

"உக்காந்தப்பதான் புள்ள எனக்கு வழி தெரிஞ்சுச்சு. அப்ப உக்கார்றதுதான் மூளைக்கு நல்லதா? டொக்டர் மாத்திச் சொல்லிட்டாளா?"

ராக்காயி கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் அவர் காற்றில் ஸ்டியரிங் பிடித்துக் காட்டியபோது, அந்தத் தோள் சாய்ந்த விதத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ செய்தது. புதுப் பெண்டாட்டியாக ஒரேயொரு முறை அந்த லொறியில் கம்பளைவரை போயிருக்கிறாள். அதே தோள். பொட்டலத்தைப் பிரித்து ஒரு முறுக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

கொஞ்ச நாள் நடை நின்றிருந்தது. செல்லசாமி கதிரையில் இருந்தார். இருக்க இருக்க எரிச்சல் ஏறியது. தூக்கம் வரவில்லை. வந்தவர் போனவரிடம் எல்லாம் எரிந்து விழுந்தார். கடைசியில் ராக்காயியே சப்பாத்தைக் கொண்டுவந்து முன்னால் போட்டாள். "கிளம்புங்க. ஒத்தையில மட்டும் போகப்படாது."

அன்று அடுத்த லயத்தைக் கடக்கும்போது படலைக்கு உள்ளே நாகலெட்சுமி நின்றாள். கயிற்றின் முடிச்சை விரல் ஓயாமல் பிரித்துக்கொண்டும் சேர்த்துக்கொண்டும் இருந்தது. ராக்காயி ஒரு நிமிடம் நின்றாள். படலைக்கு வெளியே நின்றபடியே, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகனிடம் ஏதோ பேசினாள். கயிற்றை அவிழ்த்து அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

மூன்று பேரும் நடந்தார்கள். ஸ்டோர் மேட்டில் நாகலெட்சுமி ராக்காயியின் கையை உதறிவிட்டு முன்னால் போனாள். மேடு அவளுக்கு மேடாகவே தெரியவில்லை. இருவரும் அவளைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. செல்லசாமிக்குப் பேசவும் முடியவில்லை, பாடவும் முடியவில்லை. வளைவில் ஒரு தேயிலைச் செடியைக் கண்டதும் அவள் நின்றாள். இரண்டு கையும் செடிமேல் பறந்தன. பறித்ததை முதுகுக்குப் பின்னால் போட்டாள். கூடை இல்லாததால் எல்லாம் ரோட்டில் விழுந்தன. திரும்பி செல்லசாமியைப் பார்த்து, கொழுந்துக் கணக்குப் பார்க்க வந்த ஆளென்று எண்ணி, "கணக்கப்புள்ள ஐயா, இன்னைக்கு நல்ல கொழுந்துங்க" என்றாள்.

அவர் என்ன சொல்வார்? "ஆமா நாகலெட்சுமி, நல்ல கொழுந்து" என்றார்.

பிறகு தினமும் அவளையும் கூட்டிக்கொண்டார்கள். நடந்துவிட்டு வந்த நாட்களில் அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை என்றும், சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறாள் என்றும் மகன் சொன்னான். பெயர் மட்டும் ஒன்றும் திரும்பி வரவில்லை. நடை அவளுக்கு என்ன கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று செல்லசாமி வழியெல்லாம் யோசிப்பார். முழுதாக யோசித்து முடிந்ததே இல்லை. பாதியில் அவள் ஓட ஆரம்பித்துவிடுவாள்.

அரை வருடம் கழித்து டொக்டர் கஜனி மறுபடி சோதித்தாள். புது ஐந்து சொற்கள். செல்லசாமி நாலு சொன்னார். மணிக்கூட்டின் எண்கள் முழுக்க நேராகவில்லை, ஆனால் வட்டத்தைச் சுற்றிப் பரவி நின்றன. ராக்காயியையும் சும்மா ஒருமுறை சோதித்தாள். இந்தத் தடவை அவள் ஒரு சொல்லை விட்டுவிட்டாள்.

"இவருக்குச் சொல்லு ஞாபகம் வருமோ வராதோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேனுங்க" என்றாள் வெட்கத்தோடு.

"ஐயாவுக்குக் கொஞ்சம் முன்னேற்றம் தெரியுது" என்றாள் டொக்டர்.

"நடந்ததாலயாங்க?"

"இருக்கலாம். சீனி குறைஞ்சிருக்கு, பிரஷர் குறைஞ்சிருக்கு. குளிசை ஒழுங்காப் போடுறீங்கள். ஆக்களோட கதைச்சுத் திரியுறீங்கள். போன முறை பயந்துபோய் இருந்தனீங்கள், இந்த முறை பயமில்லை. எது எவ்வளவு செய்தது எண்டு பிரிச்சுச் சொல்லேலாது."

"அப்ப இனிமே அதிகமாகாதுங்களா? மறதி?"

டொக்டர் பேனாவை மூடினாள். "அதையும் சொல்லேலாது ஐயா. ஏலும் மட்டும் நடவுங்கோ."

இறம்பொடையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தூறல் விழத் தொடங்கியிருந்தது. தோட்டத்து ரோட்டின் முனையில் ஆட்டோ ஒன்று நின்றது. தெரிந்த பையன்தான், இவர்களைக் கண்டதும் ஸ்டார்ட் செய்தான். செல்லசாமி ஆட்டோவையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு சொல் சொன்ன சந்தோசமும் ஒரு சொல்லைத் தொலைத்த ராக்காயியைப் பற்றிய கவலையும் சேர்ந்து, சந்தோசமாக இருக்கிறோமா இல்லையா என்றே அவருக்குப் பிடிபடவில்லை.

"என்னா செய்வோம்?" என்றார்.

"உங்க இஷ்டம்."

"அந்தப் புள்ள ஏலும் மட்டும்னுச்சே. ஏலுற வரைக்கும் நடக்கணும்கிறாளா, ஏலுற அளவு நடந்தாப் போதும்கிறாளா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ரெண்டும் வேறடி."

ராக்காயி யோசித்தாள். அவளுக்கும் இப்போது அது வேறு மாதிரித்தான் தோன்றியது. ஆட்டோக்காரன் பொறுத்துப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினான். மழை கொஞ்சம் வலுத்தது. முடிவென்று ஒன்றும் எடுக்காமலே இருவரும் மேட்டில் ஏறத் தொடங்கியிருந்தார்கள். அவள் குடையை விரித்து அவர் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். பாதி வழியில் அவருக்கு மூச்சு வாங்கியது. நல்லதுக்கு வாங்குகிற மூச்சா இது என்று கேட்க நினைத்தார். கேட்க மூச்சில்லை.